உயிரணுவை உடைத்தலும் உள்ளதைக் காணலும்

ஐதராபாத் நகரின் கிழக்கே உப்பலை நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டி, சில கிலோமீட்டர் தூரத்துக்குள்ளாகவே மத்திய அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் பல அமைந்துள்ளன. தார்நாகாவில் இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. அதன் அண்மையில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும், தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. உப்பலை அடைந்தால், டி.என்.ஏ. ரேகை ஆய்வுக்கும் நோய் கண்டறிதலுக்கும் உரிய மையத்தைக் காணலாம். இவற்றுள் உயிரணுவைப் பற்றி ஆராயும் நிலையங்களில் அன்றாடம் நடைபெறும் ஒரு வேலையைப் பற்றியே இக்கட்டுரை கூற முற்படுகிறது. அவ்வேலை உயிரணுவின் உள்ளுறுப்புகளைத் தனித்தனியே பிரித்தெடுப்பதும், அவற்றைக் கண்ணால் காண்பதும் ஆகும்.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் ஓர் அடிப்படைச் சங்கடம் இருக்கிறது. ஓர் உறுப்பைப் பிரித்தெடுக்க வேண்டுமாயின் உயிரணுவை உடைத்தாக வேண்டும். அது இருக்கும் இடத்திலேயே காண வேண்டுமாயின், பெரும்பாலும் உயிரணுவைக் கொன்று, பதப்படுத்தி, சாயமேற்றி, மெல்லியதாகச் சீவியாக வேண்டும். எந்த வழியைக் கைக்கொண்டாலும் ஆராய்ச்சியாளர் இறுதியில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே. தாம் கண்டது உயிரணு உயிரோடிருந்த பொழுது அதனுள் மெய்யாகவே இருந்ததா, அன்றித் தம் கைவேலையால் உண்டானதா? கடந்த நூறாண்டுகளில் இக்கேள்விக்குத் தவறான விடை கூறியவர்களுள் தலைசிறந்த விஞ்ஞானிகளும் அடங்குவர்.

கூழாக்கும் கலை

உயிரணுவின் ஓர் உறுப்பை முதன்முதலாகத் தனியே பிரித்தெடுத்தவர்களுள் ஒருவர் ஸ்விட்சர்லாந்து நாட்டு மருத்துவர் பிரீட்ரிக் மீஷர். 1869-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், அறுவை மருத்துவமனையிலிருந்து கிடைத்த சீழ் படிந்த கட்டுத்துணிகளைக் கழுவி, சீழிலிருந்த வெள்ளணுக்களைத் திரட்டினார். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும், பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்ஸினாலும் சுற்றியிருந்த பொருளைக் கரைத்து, உட்கருக்களை மட்டும் தனியே எடுத்தார். அவற்றில் பாஸ்பரஸ் மிகுந்த ஒரு புதுப்பொருள் இருப்பதைக் கண்டு அதற்கு நியூக்லீன் என்று பெயரிட்டார். இன்று டி.என்.ஏ. என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பொருள் அதுவே.

மீஷரின் முறை கடுமையானது. உட்கருவைத் தவிர ஏனைய உறுப்புகள் யாவும் அதில் அழிந்து போயின. இன்று கையாளப்படும் முறை மிகவும் மென்மையானது. அடிக்கடி பயன்படும் பொருள் எலியின் ஈரல். ஈரலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்த சர்க்கரைக் கரைசலில் இட்டு, ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றுவர். குழாயினுள் மயிரிழை இடைவெளி மட்டுமே விட்டு நுழையும் ஓர் உலக்கை சுழன்றவாறு மேலும் கீழுமாக இறங்கி ஏறும். அவ்விடைவெளியின் வழியே பிதுங்கும்போது உயிரணுவின் வெளிச்சவ்வு கிழிகிறது. உள்ளிருக்கும் சிறு உறுப்புகள் தப்பி வெளிவருகின்றன. பாட்டர், எல்வெஜம் என்னும் இருவர் 1936-இல் விவரித்த இக்கருவி பெரிய மாறுதல் ஏதுமின்றி இன்றும் பயன்பட்டு வருகிறது. அம்மியில் அரைப்பதைப் போல் அழுத்தி அரைத்தால் உறுப்புகளும் நசுங்கிவிடும். மிகவும் தயங்கினால் பாதி உயிரணுக்கள் உடையாமலே தங்கிவிடும். எத்தனை முறை உலக்கையை இறக்குவது என்பதைப் புத்தகத்தைவிடக் கைப்பழக்கமே நன்கு கற்பிக்கிறது.

சர்க்கரைக் கரைசல் எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். வெறும் நீரில் விட்டால் நீர் சவ்வின் வழியே உட்புகுந்து உறுப்புகள் உப்பி வெடித்துவிடும். உப்புக் கரைசலிலோ அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. நியூயார்க்கில் ராக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த ஹோகபூம், ஷ்னைடர், பலாடே ஆகிய மூவர் 1948-இல், லிட்டருக்குச் சுமார் 300 கிராம் சர்க்கரை கரைத்த நீரில் மைட்டோகாண்டிரியாக்கள் தம் இயல்பான கோல் வடிவத்தை இழக்காமல் நிற்பதைக் காட்டினர். பின்னர் லிட்டருக்கு ஏறக்குறைய 86 கிராம் என்னும் அளவே பெருவழக்காயிற்று. ஆராய்ச்சிக்கூடத்து அலமாரியில் புட்டியிலிடப்பட்டுச் சுக்ரோஸ் என்ற பெயருடன் இருப்பது நம் வீட்டுக் கரும்புச் சர்க்கரையே. தூய்மை மட்டுமே வேறு.

வண்டலும் தெளிவும்

வெள்ளம் வடியும் காலத்தில் ஆற்றிலிருந்து மொண்ட நீரைக் குடத்தில் வைத்தால், முதலில் மணலும், சற்று நேரம் கழித்து வண்டலும் அடியில் தங்கும். நுண்ணிய களிமண் மறுநாளும் தங்காது. பெரிய துகள் விரைவில் அமிழும், சிறிய துகள் மெல்ல அமிழும் என்பதே இதன் தத்துவம். ஈரல் கூழிலும் இதுவே நிகழ வேண்டும். ஆனால் உயிரணுவின் உறுப்புகள் மிகச் சிறியவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எலியின் ஈரல் உயிரணு சுமார் 20 மைக்ரான் அகலமுடையது. அதன் உட்கரு 6 முதல் 8 மைக்ரான். மைட்டோகாண்டிரியாவின் தடிப்பு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ரைபோசோமோ ஒரு மைக்ரானில் நாற்பதில் ஒரு பங்கு அளவே. பூமியின் ஈர்ப்பை மட்டும் நம்பி இவை அமிழக் காத்திருந்தால் கூழ் அழுகிவிடும். ஆகவே ஈர்ப்பைப் பெருக்க வேண்டியுள்ளது.

மையவிலக்கு எந்திரத்தின் பணி இதுவே. சுழல் அச்சிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் குழாயை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழற்றினால் அதனுள் இருக்கும் பொருள் பூமியின் ஈர்ப்பைப் போல் ஆயிரம் மடங்கு விசையை உணர்கிறது. பத்து நிமிஷத்தில் உட்கருக்களும் உடையாத உயிரணுக்களும் அடியில் படிகின்றன. மேலிருக்கும் தெளிவை வேறு குழாயில் ஊற்றி, ஏறக்குறைய 9,500 சுற்றில், அதாவது பதினாயிரம் மடங்கு விசையில், மறுபடியும் சுழற்றினால் மைட்டோகாண்டிரியாக்கள் பழுப்பு நிற வண்டலாகத் தங்குகின்றன. எஞ்சிய தெளிவை 30,000 சுற்றில் ஒரு மணி நேரம் சுழற்றினால், நூறாயிரம் மடங்கு விசையில், குழாயின் அடியில் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படிவு காணப்படும்.

இத்தகைய அதிவேக எந்திரத்தை முதலில் அமைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த தியடோர் ஸ்வெட்பர்க். 1926-இல் அவருக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இவ்வெந்திரத்துடன் பழகுவதில் எச்சரிக்கை மிகவும் தேவை. நிமிடத்துக்கு 50,000 சுற்றில் ஒரு கிராம் நிறை 280 கிலோகிராம் போல் அழுத்துகிறது. எதிரெதிர்க் குழாய்களின் நிறை சமமாக இல்லாவிடின் சுழலும் உருளை அச்சிலிருந்து பிடுங்கிக்கொண்டு எந்திரத்தையே சிதைத்துவிடும். காற்றோடு உரசிச் சூடேறாமல் இருக்கும்பொருட்டு உருளை வெற்றிடத்தில் சுழல்கிறது. தராசில் குழாய்களைச் சமன்செய்யும் அலுப்பூட்டும் வேலையைப் புதிய மாணவர்கள் அலட்சியம் செய்வதுண்டு. அனுபவமுடையோர் ஒருபோதும் செய்யார்.

கணக்குப் பார்த்தல்

இந்த முறையை உயிரணு ஆராய்ச்சிக்கு முதலில் முறையாகக் கையாண்டவர் பெல்ஜியத்தில் பிறந்த ஆல்பர்ட் கிளாட். அவர் தேடியது உயிரணுவின் உறுப்பை அன்று. 1929 முதல் நியூயார்க்கில் அவர், கோழிகளுக்குப் புற்றுக்கட்டியை உண்டாக்கும் ரௌஸ் நச்சுக்கிருமியைக் கட்டியின் சாற்றிலிருந்து பிரித்தெடுக்க முயன்று வந்தார். அதிவேகச் சுழற்சியில் நுண்ணிய துகள்கள் திரண்டு வந்தன. ஆனால் நோயற்ற கோழிக்கருவின் சாற்றைச் சுழற்றியபோதும் அதே துகள்கள் வந்தன! நோயற்ற திசுவையும் உடன்வைத்துச் சோதிக்கும் ஒழுங்கு இல்லாதிருந்தால் அத்துகள்களைக் கிருமி என்றே அவர் அறிவித்திருக்கக்கூடும். 1943-இல் அவற்றுக்கு மைக்ரோசோம் என்று பெயரிட்டார்.

ஆயினும் மைக்ரோசோம் என்பதாக ஓர் உறுப்பு உயிருள்ள உயிரணுவில் கிடையாது. பலாடேயும் சீகெவிட்ஸும் 1956-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் உண்மையை விளக்கினர். சைட்டோபிளாசம் முழுவதும் பரவிக் கிடக்கும் சவ்வு வலை கூழாக்கும்போது துண்டுதுண்டாகக் கிழிகிறது. ஒவ்வொரு துண்டும் விளிம்புகள் கூடிச் சிறு பையாக மூடிக்கொள்கிறது. குழாயின் அடியில் தங்கியவை அப்பைகளே. அவற்றைச் சேர்ந்த புரதங்களும் ரைபோசோம்களும் உண்மையானவை. பையின் வடிவம் மட்டும் நமது உலக்கையால் உண்டானது.

பிரித்தெடுத்த வண்டல் எது என்பதை அறிவது எவ்வாறு? பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்தியன் தெ தூவ் இதற்குத் தந்த விடை ஒரு வணிகரின் ஐந்தொகையைப் போன்றது. ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய ஓர் என்சைமை அடையாளமாகக் கொள்ள வேண்டும். மைட்டோகாண்டிரியாவுக்குச் சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ், சவ்வு வலைக்குக் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ், உட்கருவுக்கு டி.என்.ஏ.வே அடையாளம். கூழில் இருந்த மொத்த அளவை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு எல்லா வண்டல்களிலும் இறுதித் தெளிவிலும் உள்ளவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை மொத்தத்துக்குச் சமமாக வராவிட்டால் சோதனையில் எங்கோ பிழை இருக்கிறது.

இக்கணக்கே ஒரு புதிய உறுப்பைக் காட்டிக்கொடுத்தது. 1949-இல் தெ தூவின் குழுவினர் ஈரல் கூழில் அமில பாஸ்படேஸ் என்னும் என்சைமை அளந்தபோது, எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்கே கிடைத்தது. கூழைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஐந்து நாள் கழித்து மீண்டும் அளந்தனர். விடுபட்டது முழுவதும் வந்துவிட்டது! பிழை என்று தள்ளிவிடாமல் அவர்கள் காரணம் தேடினர். என்சைம் ஒரு சவ்வுப்பையினுள் அடைபட்டிருந்தது. நாளடைவில் பை கசிந்ததும் அது வெளிப்பட்டது. அந்தப் பைக்கு 1955-இல் லைசோசோம் என்று பெயர் சூட்டினர். கவனிக்கத்தக்கது யாதெனில், அதுவரை அதனை எவரும் கண்ணால் கண்டதில்லை. அதே காலத்தில் அலெக்ஸ் நோவிகாஃப் என்பவர் தெ தூவின் வண்டலையே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் நோக்கி, கரிய சிறு உருண்டைகளைப் படம்பிடித்தார். கணக்கில் தோன்றிய உறுப்பு படத்திலும் தோன்றியது. கிளாட், தெ தூவ், பலாடே ஆகிய மூவருக்கும் 1974-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஐதராபாத்தில் நடந்தவை

உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் 1977-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தோன்றியது. அதற்கு வித்தாக அமைந்தது ஐதராபாத் பிராந்திய ஆராய்ச்சிக்கூடத்தின் உயிர்வேதியியல் பிரிவு. அப்பிரிவின் தலைவர் பி. எம். பார்கவாவே மையத்தின் முதல் இயக்குநரும் ஆவார். 1987 நவம்பர் 26-இல், அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி உப்பல் சாலையில் உள்ள அதன் வளாகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

மையம் தோன்றுவதற்கு முன்பே பார்கவாவின் குழு இத்துறையில் கால்வைத்திருந்தது. ஈரலைக் கூழாக்காமல், உயிரணுக்களை முழுமையாக, ஒன்றினின்று ஒன்று பிரித்தெடுக்கும் ஒரு புதிய முறையை ஜேக்கப், பார்கவா ஆகியோர் 1962-இல் வெளியிட்டனர். உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைப்பதில் கால்சியத்துக்குப் பங்குண்டு. சிட்ரேட்டு கலந்த, கால்சியம் இல்லாத நீர்மத்தை ஈரலின் இரத்தக் குழாய்களின் வழியே செலுத்தினால் அப்பிணைப்பு தளர்கிறது. பின்னர் மெல்ல அலைத்தால் உயிரணுக்கள் உதிர்கின்றன. இவ்வாறு அலைத்துப் பிரித்த உயிரணுக்களின் சவ்வில் கசிவு ஏற்படுவது பின்னாளில் புலப்பட்டது. 1969-இல் பெரி, ஃபிரெண்ட் என்னும் இருவர் கொலாஜினேஸ் போன்ற என்சைம்களைக் குழாய்களின் வழியே செலுத்தி, திசுவின் நார்ப்பொருளைக் கரைத்து, இன்னும் நல்ல உயிரணுக்களைப் பெற்றனர். ஆயினும் இன்றைய முறைகளிலும் முதற்படி கால்சியத்தை அகற்றுவதுதான். கொலாஜினேஸ் இரண்டாம் படியில் வருகிறது. 1962-இன் கருத்து வீண்போகவில்லை.

உப்பலில் உள்ள மற்றொரு மையத்தின் வரலாறும் ஒரு மையவிலக்குக் குழாயில் தொடங்குகிறது எனலாம். இங்கு நாம் இரண்டாவது வகைப் பிரிப்பு முறையை அறிந்துகொள்ள வேண்டும். முன்னர்க் கூறிய முறையில் துகள்கள் பருமனுக்கேற்பப் பிரிந்தன. இம்முறையில் அவை அடர்த்திக்கேற்பப் பிரிகின்றன. சீசியத்தின் உப்பைக் கரைத்து நெடுநேரம் அதிவேகத்தில் சுழற்றினால் கரைசல் அடியில் செறிவாகவும் மேலே நீர்த்தும் படிப்படியாக அமைந்துவிடும். அதில் கலந்த டி.என்.ஏ. தன் அடர்த்திக்கு ஒத்த மட்டத்தில் ஒரு பட்டையாக மிதந்து நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை நேரம் சுழற்றினாலும் நகராது. மெசெல்சன், ஸ்டால் என்பவர்கள் 1958-இல் டி.என்.ஏ. இரட்டிக்கும் விதத்தை நிரூபித்தது இம்முறையாலேயே.

எடின்பரோவில் ஆராய்ச்சி செய்துவந்த லால்ஜி சிங், 1970-களில் இம்முறையைப் பாம்புகளின் டி.என்.ஏ.வுக்குக் கையாண்டார். பாம்புகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்களும், பெண்ணுக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் உண்டு. பட்டைக் கட்டுவிரியன் இனத்துப் பெண்பாம்பின் டி.என்.ஏ.வை வெள்ளி அயனிகள் கலந்த சீசியம் சல்பேட்டில் சுழற்றியபோது, பெரும்பட்டைக்கு அப்பால் ஒரு சிறுபட்டையும் நின்றது. பிகேஎம் என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. குழாயில் நின்ற சிறுபட்டை பாம்பின் உயிரணுவில் எங்கே இருந்தது? இக்கேள்விக்குச் சுழலும் எந்திரம் விடை கூறாது. ஆகவே அச்சிறுபட்டையைக் கதிரியக்கத்தால் அடையாளமிட்டு, கண்ணாடித் தகட்டில் பரப்பிய குரோமோசோம்களின்மீது ஒட்டவைத்து நோக்கினர். அடையாளம் டபிள்யூ குரோமோசோமில் செறிந்து காணப்பட்டது. பிரித்ததைக் காட்சி உறுதிசெய்தது.

ஜி, ஏ, டி, ஏ என்னும் நான்கெழுத்துத் தொடர் மீண்டும் மீண்டும் வருவது இதன் அமைப்பின் சிறப்பு. மனிதன் உட்பட வேறு பல பிராணிகளிலும் இத்தொடர் உண்டு. ஆனால் ஒவ்வொருவரிடமும் அதன் நீளம் வேறுபடுகிறது. இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984-இல் கண்ட டி.என்.ஏ. ரேகை முறைக்கு இணையாக, ஐதராபாத்துக்குத் திரும்பிய லால்ஜி சிங் 1988-இல் பிகேஎம்மைக் கொண்டு ஒரு முறையை அமைத்தார். கேரளத்தின் தலச்சேரியில் எழுந்த ஒரு தந்தைமை வழக்கில் இது சான்றாகப் பயன்பட்டது. 1991-இல் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த ராஜீவ் காந்தி படுகொலை வழக்கின் புலனாய்விலும் ஐதராபாத்தின் டி.என்.ஏ. சோதனைகள் இடம்பெற்றன. இவ்வேலை வளர்ந்து தனி நிலையமாகிய வரலாறே இன்று உப்பலில் உள்ள மையம். இன்று நீதிமன்றங்களுக்கான சோதனைகளில் பிகேஎம் கைவிடப்பட்டு, குறுந்தொடர்களை எண்ணும் விரைவான முறை வந்துவிட்டது. ஒருவரின் விடுதலையும் தண்டனையும் ஒரு பட்டையின் இடத்தைப் பொறுத்திருக்கும்போது, அப்பட்டை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வெறும் தத்துவ விசாரமாக இருக்க முடியாது.

காண்பதில் உள்ள ஐயம்

ஒளி நுண்ணோக்கியால் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியுள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியே காட்ட இயலாது. ஒளியின் அலைநீளமே இவ்வரம்பை விதிக்கிறது. எலெக்ட்ரானின் அலைநீளம் ஒளியினுடையதைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு சிறியதாகையால் எலெக்ட்ரான் நுண்ணோக்கி இவ்வரம்பைக் கடந்தது. போர்ட்டர், கிளாட், ஃபுல்லம் ஆகியோர் 1945-இல் கோழிக்கருவின் உயிரணு ஒன்றை முழுமையாக அதில் படம்பிடித்துக் காட்டினர்.

எலெக்ட்ரான் கற்றை வெற்றிடத்தில்தான் செல்லும். தடித்த பொருளை ஊடுருவாது. ஆகவே திசுவை ரசாயனங்களால் உறையவைத்து, நீரை அகற்றி, பிசினில் பதித்து, கண்ணாடி அல்லது வைரக் கத்தியால் சுமார் 70 நானோமீட்டர் தடிப்பில் சீவ வேண்டும். ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான். ஆகவே ஓர் ஈரல் உயிரணுவை முற்றிலும் சீவினால் ஏறக்குறைய முந்நூறு சீவல்கள் வரும். நாம் படத்தில் காண்பது அவற்றுள் ஒன்றை மட்டுமே. வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்தால் ஐந்து அறைகள் கொண்ட நட்சத்திரம் தெரியும். நெடுக்கே பிளந்தால் விதைகளின் வரிசை தெரியும். சாய்வாக அரிந்தால் இரண்டிலும் சேராத ஓர் உருவம் தெரியும். வெண்டைக்காயையே அறியாத ஒருவரிடம் இம்மூன்று துண்டுகளைக் கொடுத்தால் மூன்று வெவ்வேறு காய்கள் என்று சொல்வாரல்லவா? எலெக்ட்ரான் படத்தில் மைட்டோகாண்டிரியா ஓரிடத்தில் வட்டமாகவும் வேறோரிடத்தில் நீண்டும் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பதப்படுத்தலால் விளையும் மயக்கம் இதைவிடப் பெரிது. பாக்டீரியாக்களில் உட்புறமாக மடிந்த ஒரு சவ்வுச் சுருள் 1950-களிலும் 1960-களிலும் படத்துக்குப் படம் காணப்பட்டது. மீசோசோம் என்று பெயரிட்டனர். சுவாசம், உயிரணுப் பிரிவு என அதற்குத் தொழில்களும் வகுத்தனர். பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. ரசாயனங்களைத் தவிர்த்து நொடிப்பொழுதில் குளிரால் உறையவைத்து நோக்கியபோது மீசோசோம் மறைந்து போயிற்று. அது பதப்படுத்திய ரசாயனம் வரைந்த ஓவியம். இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. காமில்லோ கோல்ஜி 1898-இல் வெள்ளிச் சாயத்தால் கண்ட வலையுறுப்பு வெறும் சாயத்தின் விளைவு என்று பலர் ஐயுற்றனர். 1949-இல் பலாடேயும் கிளாடுமே அவ்வாறு வாதித்து எழுதினர்! 1950-களின் நடுவில் எலெக்ட்ரான் படங்கள் கோல்ஜி உறுப்பை ஐயத்துக்கிடமின்றிக் காட்டின. உயிரணு உற்பத்தி செய்யும் புரதங்கள் அதன் வழியாகவே வெளிச்செல்கின்றன என்பதைப் பின்னர் நிறுவியவர்களுள் முதன்மையானவர் அதே பலாடே.

பிரித்தல், காணல் ஆகிய இரண்டும் ஒன்றாகக் கூடிய அருமையான உதாரணம் ரைபோசோம். பாக்டீரியாவின் ரைபோசோமை 70 எஸ் என்றும், அதன் இரு பாகங்களை 50 எஸ், 30 எஸ் என்றும் குறிப்பிடுவர். எஸ் என்பது ஸ்வெட்பர்கின் பெயரால் அமைந்த அலகு. மையவிலக்கு எந்திரத்தில் துகள் அமிழும் வேகத்தை அது குறிக்கிறது. ஐம்பதும் முப்பதும் எண்பதல்லவா என்று மாணவர்கள் மயங்குவது இயல்பு. அமிழும் வேகம் நிறையை மட்டுமன்றி வடிவத்தையும் பொறுத்ததாகையால் அவ்வெண்களைக் கூட்டலாகாது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 30 எஸ் பாகத்தின் அணு அமைப்பை 2000-இல் தம் குழுவினருடன் வெளியிட்டு, 2009-இல் ரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் பயன்படுத்திய ஊடுகதிர் முறைக்குப் படிகம் தேவை. படிகத்துக்குத் தூய ரைபோசோம் தேவை. தூய ரைபோசோமுக்கு மையவிலக்கு எந்திரம் தேவை.

இன்று உயிரணுவை உடைக்காமலும், எலெக்ட்ரானுக்கு இரையாக்காமலும், குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் ஒளிரச் செய்து காணும் முறை பெரிதும் பரவியுள்ளது. அப்புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தை இணைப்பது ஒரு வழி. ஆனால் இங்கும் ஐயம் விடுவதில்லை. உப்பல் சாலை மையத்தில் வீணா பர்நாயக் தலைமையில் நடந்த ஆராய்ச்சி இதற்கு நல்ல சான்று. லாமின் என்னும் புரதம் உட்கருவின் உறையை உட்புறமாகத் தாங்கும் வலையாக அமைந்துள்ளது. எதிர்ப்பொருள்கள் பொதுவாக உட்கருவின் விளிம்பை வளையம் போல் ஒளிரச் செய்யும். அக்குழு தயாரித்த ஓர் எதிர்ப்பொருளோ விளிம்பை விட்டு, உட்கருவின் நடுப்பகுதியில் சிதறிய பொட்டுகளை ஒளிரச் செய்தது. எதிர்ப்பொருள் தவறான புரதத்தைப் பற்றியிருக்கலாம் என்ற ஐயம் எழுவது நியாயமே. ஆகவே அப்பொட்டுகள் ஆர்.என்.ஏ.வைச் செப்பனிடும் காரணிகள் கூடும் இடங்களோடு பொருந்துகின்றனவா என்று வேறு எதிர்ப்பொருள்களைக் கொண்டு சோதித்தனர்; பொருந்தின. ஜீன்களின் செயலை மருந்தால் தடுத்தபோது இரண்டும் ஒருசேர உருமாறின. 1999-இல் இது வெளியாயிற்று. அதே ஆண்டில் லாமின் ஏ ஜீனின் குறையால் ஒருவகைத் தசைச் சிதைவு நோய் உண்டாவதும், 2003-இல் குழந்தைப் பருவத்திலேயே முதுமை தோன்றும் புரோஜீரியா நோய்க்கும் அந்த ஜீனே காரணம் என்பதும் தெரியவந்தன. லாமின் உட்கருவில் எங்கிருக்கிறது என்பதை அறிவது மருத்துவர்க்கும் வேண்டிய செய்தியாயிற்று.

இத்துறையில் முடிவுறாத வழக்கு ஒன்றும் உண்டு. பெரெஸ்னி, காஃபி என்னும் இருவர் 1974-இல், உட்கருவிலிருந்து உறையின் கொழுப்பையும் டி.என்.ஏ.வையும் அகற்றி, செறிந்த உப்புநீரால் கழுவிய பின்னும் ஒரு புரதச் சட்டகம் எஞ்சுவதைக் காட்டினர். உட்கருவின் எலும்புக்கூடு அதுவே என்பர் ஒரு சாரார். உப்பு செறிந்தபோது புரதங்கள் திரண்டு உண்டான போலி என்பர் மறுசாரார். ஐதராபாத் மையத்தில் ராகேஷ் மிஸ்ராவின் குழு பழ ஈயில் இச்சட்டகத்தைப் பிரித்தெடுத்து, அதில் அடங்கிய புரதங்களின் பட்டியலை 2010-இல் வெளியிட்டது. பட்டியல் எஞ்சியது எது என்பதைக் கூறுகிறது. கழுவுவதற்கு முன் அது எவ்வாறு நின்றது என்பதைக் காட்சியே கூற வேண்டும்.

அக்காட்சி இப்போது கிடைக்கத் தொடங்கியுள்ளது. திசுவை நொடிக்குள் கண்ணாடிபோல் உறையவைத்து, சாயமின்றிப் பல கோணங்களில் படம்பிடித்து, முப்பரிமாண உருவத்தைக் கணிப்பொறியில் கட்டும் முறைக்கு அடிகோலிய மூவர் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டில் ஸ்விட்சர்லாந்தில் ஒஹாத் மெதாலியாவின் குழு சுண்டெலி உயிரணுவின் உட்கருவில் லாமின் இழைகளை இம்முறையால் கண்டது. தவளையின் முட்டையுயிரணுவிலிருந்து எடுத்த உறையை நோக்கி, இவ்விழைகள் சுமார் 10 நானோமீட்டர் தடித்தவை என்று முன்னர் மதிப்பிட்டிருந்தனர். புதிய படங்களில் அவை 3.5 நானோமீட்டர் தடிப்பே கொண்டிருந்தன. ஆனால் இப்படங்களிலும் இழைகள் தெளிவாகத் தெரிய வேண்டி, டி.என்.ஏ.வை முன்னதாகவே என்சைமால் கரைத்து அகற்றியிருந்தனர்.